கடைமடைக் கல்லூரியில் ஒரு நலப்பணி அலகு: சேர்க்கை முதல் கணக்கு முடிப்பு வரை

நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அந்த ஆறுகளின் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் மன்னார்குடி – திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. அங்கே நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலகு ஒன்று இருக்கிறது. விதிப்படி நூறு தன்னார்வலர்கள், ஒரு திட்ட அலுவலர், தத்தெடுத்த கிராமம் ஒன்று. இது ஒரே கல்லூரியின் கதையல்ல. டெல்டாக் கல்லூரிகளில் வருடா வருடம் ஒரே மாதிரி நடப்பதை ஒரு கல்லூரி, ஒரு கல்வியாண்டு என்ற சட்டகத்துக்குள் அடுக்கியிருக்கிறோம். பெயர் எதையும் குறிப்பிடாததற்குக் காரணம் அதுதான்.

பிரச்சினை எளிமையானது. ஆகஸ்டில் இடம் போதாத அளவுக்கு விண்ணப்பம் வருகிறது. செப்டம்பர் 24, என்.எஸ்.எஸ். நாள் விழாவில் அரங்கம் நிறைகிறது. 1969-இல் அதே நாளில்தான் 37 பல்கலைக்கழகங்களில் இந்தத் திட்டம் தொடங்கியது என்று மேடையில் யாராவது சொல்வார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். நவம்பர் மழையில் வேலைக்குக் கூப்பிட்டால் கால்வாசிப் பேர்கூட வருவதில்லை. ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆர்வம் இல்லை’ என்பது ஆசிரியர் அறையில் தயாராக இருக்கும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு தவறு. பதிவேட்டையும் பஸ் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கிறது.

சேர்க்கைப் படிவம்

வழக்கமான படிவத்தில் பெயர், பதிவு எண், துறை, இரத்த வகை, பெற்றோர் கையெழுத்து, புகைப்படம் இருக்கும். கடைசியில் ‘ஏன் சேர விரும்புகிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி. நூறு படிவத்திலும் ‘சமுதாயத்துக்குச் சேவை செய்ய’ என்றே எழுதியிருக்கும். முன்னால் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து எழுதியது. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு நான்கு கேள்விகளைப் போட வேண்டும்: எந்த ஊரிலிருந்து, எந்த பஸ்ஸில் வருகிறாய்? வீட்டுக்குத் திரும்ப உனக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? சனி, ஞாயிறு வேலைக்குப் போகிறாயா? வயல் வேலை, சமையல், மின்வேலை, கணக்கு எழுதுவது, தட்டச்சு, இதில் எது தெரியும்?

இந்தப் பகுதி மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். கோட்டூர், முத்துப்பேட்டை, வடுவூர் என்று பல திசையிலிருந்து வருகிறார்கள். பல உட்கிராமங்களுக்கு ஒரு டவுன் பஸ்தான், சாயங்காலம் ஒரே நடைதான். வகுப்பு முடிந்து மூன்றரைக்குப் பணி தொடங்கி ஐந்தரைக்கு முடிந்தால் அந்த பஸ் போய்விட்டிருக்கும். பையன்கள் யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பெண் பிள்ளை ஒருமுறை இருட்டிய பிறகு வீடு சேர்ந்தால் மறுவாரம் வரமாட்டாள். வீட்டில் சண்டை போட்டதைச் சொல்லாமல், ‘உடம்பு சரியில்லை மேடம்’ என்று மட்டும் சொல்வாள். சனி, ஞாயிறு ஜவுளிக்கடைக்கோ கல்யாண மண்டபத்துக்குப் பரிமாறவோ போகிறவர்களும் அப்படித்தான். அந்தக் கூலியில்தான் அவர்களின் தேர்வுக் கட்டணம் இருக்கிறது.

ஆகவே நூறு பேரைத் துறைவாரியாகப் பிரிக்காமல் பஸ் தடம்வாரியாகப் பிரிப்பதுதான் சரி. ஒரு தடத்துக்கு ஒரு பொறுப்பாளர் போதும். தகவல் அவர் வழியாகப் போகட்டும். நூறு பேர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட அறிவிப்புக்கு அறுபது கட்டைவிரல் விழும், வருவது பதினைந்து பேர். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் கேட்டால் பதில் கிடைத்துவிடும். புயல் நாளில் இந்தப் பட்டியல் இன்னும் பெரிய உதவி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது மின்சாரமும் செல்பேசிக் கோபுரமும் சேர்ந்தே போயின. அந்த மாதிரி நேரத்தில் எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று காகிதத்தில் எழுதி வைத்திருக்கும் அலகுக்குத்தான் முதல் நாளே வேலை தொடங்க முடியும்.

குழுவில் யாரை எடுப்பது

கல்லூரி அளவிலான ஆலோசனைக் குழுவுக்கு முதல்வர் தலைவர், திட்ட அலுவலர் செயலர். அதில் மாணவத் தலைவர்கள் இருவருக்கும் இடம் உண்டு. பெரும்பாலான இடங்களில் ஒரு மாணவர், ஒரு மாணவி என்று எடுக்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் உண்மையில் வேலை செய்வது அதற்குக் கீழே உள்ள மாணவர் பணிக்குழு. அந்தக் குழுவுக்கு ஆள் எடுக்கும் முறையில்தான் கோளாறு இருக்கிறது. மேடையில் நன்றாகப் பேசுகிறவர், முன் வரிசையில் நிற்கிறவர், சீனியர் அண்ணன் சிபாரிசு செய்தவர் என்று எடுக்கிறார்கள். ‘செயலாளர்’, ‘துணைச் செயலாளர்’, ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று பட்டம் கொடுக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பேனரில் பெயர் வந்ததும் அந்தப் பதவி முடிந்துவிடுகிறது.

பட்டத்துக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்தால் நிலைமை மாறுகிறது. மணிக்கணக்குப் பதிவேடு ஒருவரிடம், கருவி இருப்பு நோட்டு ஒருவரிடம், ரசீதுக் கோப்பு ஒருவரிடம், இரத்த வகைப் பட்டியலும் முதலுதவிப் பெட்டியும் ஒருவரிடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரும் அவருக்குக் கீழே முதலாமாண்டு மாணவர் ஒருவரும் வேண்டும். இரண்டாண்டுப் பணி முடிந்தவர் போகும்போது நோட்டு கைமாற அதுதான் வழி. ஆள் எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சின்ன வேலை கொடுத்துப் பார்க்கலாம். ஒரு தடத்து மாணவர்களின் இரத்த வகையைச் சரிபார்த்துப் பட்டியல் கொண்டுவரச் சொன்னால் போதும். பேசத் தெரிந்தவர் யார், முடிக்கத் தெரிந்தவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மணிக்கணக்கு

ஒரு தன்னார்வலர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் தனிக் கணக்கு. 120 என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே பிரித்துப் போட்டுவிட வேண்டும். வாரம் இரண்டு மணி நேரமாக 30 வாரம் என்றால் 60. மீதி 60-க்கு ஆறு மணி நேரமாகப் பத்து சனிக்கிழமை. பருவத் தேர்வு, தீபாவளி, பொங்கல், மழை விடுமுறை எல்லாம் போக 30 வாரம் கிடைப்பதே கஷ்டம். இப்படிப் பிரிக்காத அலகுகளில் மார்ச் மாதம் ஒரு வேடிக்கை நடக்கும். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆண்டு முழுவதற்குமான கையெழுத்தை ஒரே பேனாவில் போடுவார்கள். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு அந்த நீல மை ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

இதைத் தடுக்க ஒரே ஒரு மாற்றம் போதும். கையெழுத்தைப் பணி தொடங்கும்போது வாங்காமல் முடியும்போது வாங்க வேண்டும். தொடக்கத்தில் வாங்கினால் குழுப் புகைப்படம் எடுத்ததும் பாதிப் பேர் மறைந்துவிடுவார்கள். பஸ்ஸுக்காக முன்னதாகப் போகிறவர் போன நேரத்தை எழுதிவிட்டுப் போகட்டும். ஒன்றேகால் மணி நேரம் செய்தவருக்கு ஒன்றேகால் என்றே எழுத வேண்டும், ரவுண்டாக்கக் கூடாது.

வகுப்பு நேரத்தில் பணி வந்தால் ஓ.டி. பட்டியல் (பணிக்குப் போனவரை வகுப்பில் இருந்ததாகக் கொள்ளும் ‘ஆன் டியூட்டி’ பட்டியல்) இரண்டு நாளுக்கு முன்பே துறைத் தலைவர்கள் கையில் இருக்க வேண்டும். பிறகு கொண்டுபோய் நின்றால், ‘யாரைக் கேட்டுப் போனீங்க?’ என்ற கேள்விதான் வரும். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பதால், ஓ.டி. பதிவாகாத மாணவருக்குப் பருவ முடிவில் அபராதமே மிஞ்சும். அடுத்த ஆண்டு அவர் ஜூனியர்களிடம் சேராதே என்றுதான் சொல்வார்.

இரத்ததான முகாம்

டெல்டாக் கல்லூரிகளில் அதிகம் நடப்பது இதுதான், அதிகம் சொதப்புவதும் இதுதான். விதிகள் எளிமையானவை. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் நூறு மி.லி. இரத்தத்துக்கு 12.5 கிராம் வேண்டும். அடுத்த தானத்துக்கு ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு அந்த நாளில் 17 வயதுதான் இருக்கும். இந்த வடிகட்டலை மேசைக்கு வருவதற்கு முன்பே செய்யாவிட்டால் பாதி வரிசை திரும்பிப் போகும், இரத்த வங்கிக் குழுவுக்கும் நேரம் வீண்.

மயக்கம் போட்டு விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஊசியல்ல, காலைச் சாப்பாடு. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளை வெறும் டீயோடு வந்திருக்கும். அதனால் பதிவு மேசையில் முதல் கேள்வி ‘என்ன சாப்பிட்டாய்?’ என்பதாக இருக்க வேண்டும். சாப்பிடாதவருக்கு நான்கு இட்லி கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பிறகு அனுப்பலாம். இதற்கான இட்லியை முந்தின நாளே சொல்லி வைப்பது குழுவின் வேலை. ஹீமோகுளோபின் குறைந்தவர்களின் பட்டியலை வெளியே காட்டாமல் வைத்து, மறுவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரும்புச்சத்து மாத்திரை வாங்கித் தருவதை அந்த முகாமின் இரண்டாம் பாதி என்றே கொள்ள வேண்டும். பெரும்பாலான அறிக்கைகளில் இது இருப்பதில்லை. எத்தனை யூனிட் எடுத்தோம் என்பது மட்டும் இருக்கும்.

ஏழு நாள் முகாம்

அலகில் பாதிப் பேர், அதாவது ஐம்பது பேர், தத்தெடுத்த கிராமத்தில் தங்கிச் செய்யும் வேலை இது. டெல்டாவில் முகாமின் தேதியைத் தீர்மானிக்க வேண்டியது மேட்டூர் அணை. வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். மூடிய பிறகுதான் வாய்க்கால் காயும், சம்பா அறுவடையும் முடிந்திருக்கும். பிப்ரவரி கடைசி வாரமும் மார்ச் முதல் வாரமும் சரியான காலம். டிசம்பரில் முகாம் வைத்துவிட்டு, வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்று ‘தூர்வாரும் பணி’ என்று படம் எடுப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எவ்வளவு வாரலாம் என்பதில்தான் திட்டமிடல் கவிழ்கிறது. இந்த அலகு கிராமத்துக்குச் சொன்னது ஒரு கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாய்க்காலின் அடி அகலம் ஒன்றரை மீட்டர், சேறு 30 செ.மீ. என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 450 கனமீட்டர் மண். ஈர மண் ஒரு கனமீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். மொத்தம் 700 டன்னைத் தொடுகிறது. ஐம்பது பேரில் சமையல், முதலுதவி, காய்ச்சல், கால்வலி போக முப்பத்தாறு பேர் களத்தில் நிற்பார்கள். வெட்ட ஒருவர், சுமக்க இருவர் என்று பன்னிரண்டு கூட்டு. பழக்கமில்லாத கைகள் காலை ஆறரை முதல் பத்தரை வரை வெட்டினால் ஒரு கூட்டு ஒன்றேகால் கனமீட்டர் எடுத்தால் அதிகம். ஒரு நாளைக்கு 15, முதல் நாளும் கடைசி நாளும் போக ஐந்து நாளில் 75 கனமீட்டர். அது 150 மீட்டர் நீளத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அந்த ஒரு கிலோமீட்டரை ஒரு பொக்லைன் இரண்டு நாளில் முடித்துவிடும்.

பொக்லைன் செய்கிற வேலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்துவதில் அர்த்தமில்லை. அந்த இயந்திரம் நுழைய முடியாத இடங்கள்தான் மாணவர்களுக்கான இடம். மதகின் வாய், சாலைக்கு அடியில் போகும் குழாய், வயல்களுக்குப் பிரியும் வாய்மடை, தெருச் சாக்கடை. முகாமுக்கு முன்பே நீர் பாய்ச்சுகிற ஒரு விவசாயியைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலை மேலிருந்து கீழாக நடந்து பார்க்க வேண்டும். ‘தம்பி, மேல குழாய்ல மண்ணு அடைச்சுக் கிடக்கு. அதை எடுக்காம இங்க எம்புட்டு வெட்டினாலும் தண்ணி வராது’ என்று அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவார். பெரிய வாய்க்கால்களான ‘ஏ’, ‘பி’ வாய்க்கால்கள் நீர்வளத் துறை வசம். அவற்றிலிருந்து பிரியும் சிறிய ‘சி’, ‘டி’ வாய்க்கால்களை வேளாண்மைப் பொறியியல் துறை வாருகிறது. எது யாருடையது என்று தெரிந்துகொண்டு, ஊராட்சித் தலைவரிடமும் உரிய அலுவலகத்திலும் கடிதம் கொடுத்த பிறகே மண்வெட்டியைத் தொட வேண்டும்.

வெட்டும்போது நடக்கும் பிழைகள் மூன்று. ஆர்வத்தில் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டுவது முதலாவது. அங்கே குளம் கட்டும், தண்ணீர் ஓடாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, மேலும் கீழுமாக இரண்டு குச்சியில் பிடித்து மட்டம் பார்த்துக்கொண்டே போனால் இது நேராது. எடுத்த சேற்றைக் கரை விளிம்பிலேயே கொட்டுவது இரண்டாவது. முதல் மழையில் அது திரும்ப உள்ளே இறங்கும். விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிப் போட வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கைத் தண்டோடு வெட்டி அங்கேயே விடுவது மூன்றாவது. ஈரத்தில் கிடக்கும் ஒவ்வொரு துண்டும் வேர் விட்டு முளைக்கும். வேரோடு பிடுங்கி, மேட்டில் காய விட வேண்டும். ஆகாயத்தாமரையைப் பூக்கும் முன்பே எடுத்தால் விதை விழாது.

கருவிகளில் 14 மண்வெட்டி, 26 இரும்புச் சட்டி, 6 அரிவாள், 4 கடப்பாரை போதும். ரப்பர் கையுறையும் மூடிய செருப்பும் எல்லோருக்கும் வேண்டும். வாய்க்காலில் கிடக்கும் பிராந்தி பாட்டில் கண்ணாடிதான் முதல் எதிரி. வெட்டுக்காயத்தோடு தேங்கிய தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு. காயம் பட்டவரை அன்று முழுக்கச் சமையலுக்கு மாற்றிவிட வேண்டும், டெட்டனஸ் ஊசியும் கட்டாயம். பாம்பு கடித்தால் கடிவாயை வெட்டுவது, இறுக்கிக் கட்டுவது, நாட்டு வைத்தியரைத் தேடுவது எதுவும் கூடாது. கடிபட்ட பகுதியை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை முகாம் தொடங்கும் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

சமையல் கணக்கை ஐம்பத்தைந்து பேருக்குப் போட வேண்டும். மண்வெட்டுகிற உடம்புக்கு மதியம் ஆளுக்கு 200 கிராம் அரிசி, அதாவது 11 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 2 கிலோ. காலை உப்புமா என்றால் ரவை 5 கிலோ. குடிக்க ஆளுக்கு 4 லிட்டர் வீதம் 220 லிட்டர், 20 லிட்டர் கேன் பதினொன்று. கடைமடையில் பல ஊர்களில் கைப்பம்புத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது. கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று பார்த்து டிரம் பிடித்து வைக்க ஒருவரைப் போட வேண்டும். கழிப்பறைக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஐம்பது பேர், இரண்டு கழிப்பறை, ஆளுக்கு ஏழு நிமிடம் என்றால் மூன்று மணி நேரம் ஆகிறது. ஆறரை மணிக் களவேலை அத்தோடு போயிற்று. பள்ளிக் கட்டடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அறையை எண்ணுவதற்கு முன்னால் இதை எண்ண வேண்டும்.

பெண் பிள்ளைகளை அனுப்ப வீட்டார் தயங்குவது இயல்பு. ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்தனுப்பினால் கையெழுத்து வராது. பெற்றோரை ஒருமுறை வரவழைத்து, தங்கும் அறையையும் உடன் தங்கும் ஆசிரியையையும் காட்டி, தினமும் இரவு எட்டரைக்குப் பிள்ளை போன் பேசும் என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முகாம் எந்தத் தெருவில் நடக்கிறது என்பதைக் கிராமம் கவனித்துக்கொண்டே இருக்கும். கோயிலைச் சுற்றி மட்டும் பெருக்கிவிட்டு, காலனித் தெருவுக்குக் கடைசி நாள் ஊர்வலத்தில் மட்டும் போகும் முகாம்கள் உண்டு. முதல் நாள் வேலையையும் வீடுவாரிக் கணக்கெடுப்பையும் அங்கிருந்து தொடங்குவது நல்லது. கணக்கெடுப்பில் முதியோர் உதவித்தொகை கிடைக்காதவர்கள், ஆதாரில் பெயர்ப் பிழை உள்ளவர்கள் என்று தெரியவரும். அவர்களை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போய் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைக் கையில் கொடுத்தால் அது வாய்க்கால் வேலைக்குக் குறைந்ததில்லை.

நிவாரணப் பொருள்

மழைக்காலத்தில் அலகுக்கு வரும் திடீர் வேலை இது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் பழைய துணி குவிந்து கிடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ‘உதவிப் பொருள் தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் அதுதான் வந்து சேரும். தார்ப்பாய், போர்வை, கொசுவத்தி, மெழுகுவத்தி, சானிட்டரி நாப்கின், குடிநீர் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அரிசியை ஐந்து கிலோ பையாகக் கட்டிக் கேட்டால் பங்கிடுவது எளிது.

கணக்கும் கைமாற்றமும்

முகாம் நிதி பெரும்பாலும் முகாம் முடிந்த பிறகே வரும். அதுவரை திட்ட அலுவலரின் சொந்தப் பணமோ மளிகைக்கடைக் கடனோதான் ஓடுகிறது. ஆகவே ரசீதில் ஒரு தேதி தவறினாலும் நட்டம் அவருக்குத்தான். அன்றைய ரசீதை அன்றிரவே வெள்ளைத்தாளில் ஒட்டி, எதற்கு, எத்தனை பேருக்கு என்று எழுதி, மாணவத் தலைவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். சந்தையில் காய்கறி வாங்கினால் ரசீது கிடைக்காது. அதற்கு வவுச்சர் எழுதி விற்றவரின் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொள்ளலாம். இருப்பிடம் பதிந்த ஜியோ டேக் படங்களை வேலைக்கு முன், இடையில், முடிந்த பின் என்று ஒரே இடத்தில் நின்று மூன்று எடுத்தால் அறிக்கைக்குப் போதும். வரவேற்பு பேனரோடு எடுத்த நாற்பது படம் எதற்கும் உதவாது.

ஏப்ரலில் பருவத் தேர்வுக்கு முன்பே நோட்டுகள் கைமாற வேண்டும். தேர்வு முடிந்தால் இரண்டாமாண்டு மாணவர்களைக் கூட்டுவது நடக்காது. புதியவர் நோட்டைப் பிரித்து, கருவி அறையில் நின்று, எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 26 சட்டியில் 22 இருந்தால் 22 என்றே எழுத வேண்டும். போன நான்கு சட்டியும் கிராமத்தில் யார் வீட்டில் இருக்கின்றன என்பது பழைய பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்கும். அதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால், ஜூனில் தண்ணீர் திறந்ததும் மதகுகளைப் பார்க்கப் போகிற குழு அப்படியே வாங்கி வந்துவிடும். தண்ணீர் எப்போதும் ஜூன் 12-க்குக் காத்திருப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள்.